ரோசாலி வொசேலைத் தேடிய சுலோசனா டீச்சர்

மரக்காணத்தில் சுலோசனாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் வேலை பார்த்தவள் இல்லை. தாலுகா ஆபீஸ் போகிற வழியில் இருக்கிற வீட்டின் முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறாள். மூலையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறாள். ஊருக்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான். இன்னொரு வேலையும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் யாருக்குப் பிறந்தார்கள், யாரைக் கட்டிக்கொண்டார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தேடுவாள்.

அது தற்செயலாகத் தொடங்கியது. 2011-இல் ஒரு பிரெஞ்சுத் தம்பதி ஈ.சி.ஆர். ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, டீக்கடையில் இருந்தவர்களிடம் ஏதோ ஒரு கல்லறைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் புரியவில்லை. பஸ்ஸுக்காக நின்றிருந்த சுலோசனா பிரெஞ்சில் பதில் சொன்னாள். கல்லூரியை விட்டுப் பதினைந்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவள் வாயில் அந்த மொழி வந்தது. மூன்று நாள் அவர்களோடு அலைந்து கல்லறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவர்கள் ஊருக்குப் போய் இன்னொருவரிடம் சொன்னார்கள். அவர் வேறொருவரிடம் சொன்னார். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் குடியேறி, மூன்று நான்கு தலைமுறை இருந்துவிட்டுத் திரும்பிப்போன குடும்பங்களின் வாரிசுகள் பிரான்சில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய பதிவேடுகளில் பெரும்பகுதியை அவர்கள் அங்கிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். மை ஊறிப்போன பக்கம், பிசகி எழுதிய ஊர்ப்பெயர், கல்லறைக் கல், சர்ச்சுப் புத்தகம் என்று வரும்போதுதான் இங்கே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

சுலோசனா உப்பு வாருகிறவரின் மகள். அவளுடைய அப்பா, அவருடைய அப்பா பெயரைச் சொல்வார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தன் வம்சத்தில் இரண்டு படிக்கு மேல் ஏற முடியாத அவள், அடுத்தவர் வம்சத்தில் எட்டுப் படி, பத்துப் படி ஏறினாள். கணவன் மோகன் கொஞ்சம் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன், நிதானமான ஆள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் போனுமாகப் பழைய கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வம்சாவளிப் படத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்கு அன்று முழுக்க எதுவும் ஓடாது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவாள்.

2022 ஜூனில் பிரான்சின் நாந்து நகரத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் இரேன் வொசேல், எழுபத்தோரு வயது, ஓய்வு பெற்ற நூலகர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஒகுஸ்த் வொசேல் புதுச்சேரியில் பிறந்து, 1858-இல் கப்பலேறி பிரான்சுக்குப் போனவர். அவருடைய தம்பி எத்தியென் இங்கேயே தங்கிவிட்டார். 1859-க்குப் பிறகு எத்தியெனைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இல்லை. கடலில் செத்துப்போனார் என்று வீட்டில் சொல்வார்களாம். தனக்குப் பிள்ளைகள் இல்லை, தனக்குப் பிறகு இதைத் தேட ஆளும் இல்லை, அதனால் சாவதற்கு முன் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று இரேன் எழுதியிருந்தார்.

இரண்டு மாதம் சுலோசனா எதுவும் கண்டுபிடிக்கவில்லை. வானூர்ப் பக்கம் நீலச்சாயம் எடுக்கும் அவுரித் தொட்டி வைத்திருந்த வெள்ளைக்காரர்களின் பட்டியலைப் பார்த்தாள், கல்லறைகளைப் பார்த்தாள். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுச்சேரிப் பதிவேட்டு ஆபீஸில் ஐரோப்பியர்களுக்கான பதிவேட்டில், 1866-ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில் அவள் விரல் நின்றது. மரக்காணத்தில் வசிக்கும் அவுரி வியாபாரி எத்தியென் வொசேல், வயது முப்பத்தாறு, நேரில் வந்து, உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாக்கண்ணு என்பவளுக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தன் மகள் என்று ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். குழந்தையின் பெயர் ரோசாலி.

மரக்காணம் என்ற பெயரை அந்தக் கோணல் எழுத்தில் பார்த்ததும் சுலோசனா எழுந்துவிட்டாள். பதிவேடு எடுத்துக் கொடுக்கும் ஊழியர் சேட்டுவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இத்தனை வருஷம் எந்த ஊரார் வம்சத்தையெல்லாமோ தேடியவளுக்கு, முதல் தடவையாகத் தேடல் தன் தெருவுக்குள் வந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் நடந்துகொண்ட விதத்தை அவளே பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து பழைய ஜெராக்ஸ் கட்டுகளைக் கீழே கொட்டினாள். போன வருஷம் பூவிழி என்கிற பெண் வீட்டுமனைப் பட்டாவுக்காக ஒரு பழைய பத்திரத்தைப் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தாள். சரியாக விழாத பிரதி ஒன்று கட்டில் கிடந்தது. 1931-ஆம் வருஷத்துப் பத்திரம். அதில் 'துரைவீட்டு ரோசம்மாள் மகன் கன்னியப்பன்' என்று இருந்தது.

பூவிழியின் புருஷன் பாலகுரு உப்பளத்தில் கூலிக்குப் போகிறவன். கன்னியப்பன் அவனுடைய தாத்தா. அந்தக் குடும்பத்தை ஊரில் இன்றைக்கும் துரைவூட்டுக்காரங்க என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பூனைக்கண்ணோ செம்பட்டை முடியோ அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கிடையாது. ரோசாலி 1866-இல் பிறந்தவள். கன்னியப்பன் சுமாராக 1895-இல் பிறந்தவர். வயது பொருந்தியது. பெயரும் பொருந்தியது. வீட்டுப் பெயர் எல்லாவற்றுக்கும் மேல் பொருந்தியது.

மோகன் சாப்பிட்டுவிட்டுக் கேட்டான். "நடுவுல கல்யாணப் பதிவு ஏதாச்சும் இருக்குதா?"

"இல்ல. அது கிடைக்கும்."

"அப்ப கிடைச்ச அப்புறம் சொல்லேன். ஓடியா போவப்போறாங்க?"

அவன் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நாள்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. இரேனுக்கு எழுதினாள். எழுதும்போது 'பெரும்பாலும்' என்ற வார்த்தையைப் போட்டாள். மறுநாள் காலை பூவிழி தண்ணீர் பிடிக்க வந்தபோது அவளிடமும் சொன்னாள். அப்போது அந்த வார்த்தையைச் சொல்ல விட்டுப்போயிற்று.

பூவிழி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். உண்மையா என்று மூன்று தடவை கேட்டாள். அன்று மத்தியானத்துக்குள் உப்பளம் முழுக்கத் தெரிந்துபோனது. வரப்பில் நடந்துபோன பாலகுருவை, கூட வேலை பார்க்கிறவர்கள் 'துரை, குடை எங்கே' என்று கேட்டார்கள். அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாகப் பேசாதிருந்த பங்காளி ஒருத்தர் வீடு தேடி வந்து, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைக்குமா, தன் பிள்ளைக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்காது, சட்டம் அப்படி இல்லை என்று சுலோசனா விளக்கிச் சொன்னாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரேனிடமிருந்து மூன்று வாரம் பதில் இல்லை. சுலோசனா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மெயிலைத் திறந்து பார்த்தாள். தன் குடும்பத்து ஆள் கல்யாணம் செய்யாமல் கூலிக்காரப் பெண்ணோடு வாழ்ந்தது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இதற்கு முன் இரண்டு வாடிக்கையாளர்கள் இப்படிக் கிடைத்த உறவை அறிக்கையில் சேர்க்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் இரேனின் பதில் வந்தபோது அதில் நாலு வரிதான் இருந்தது. உலகத்தில் எனக்கு யாருமில்லை என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் கேட்டேன், பயணம் செய்யலாம் என்கிறார். ஜனவரியில் வருகிறேன். அவர்களிடம் என் பெயரைச் சொல்லி வையுங்கள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. பாலகுருவின் மகள் சங்கீதாவுக்கு இருபத்து நாலு வயது. காலாப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தாள். வானூரிலிருந்து ராமதாஸ் என்பவர் தன் மகன் மணிகண்டனுக்கு அவளைப் பெண் கேட்டு வந்து, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார். தை மாதத்தில் நிச்சயதார்த்தம் வைப்பதாகப் பேச்சு. அக்டோபர் மழையில் ஒருநாள் ராமதாஸ் தனியாக வந்தார். தனக்கு ஒன்றும் இல்லை, சொந்தக்காரர்கள்தான் கேட்கிறார்கள் என்று ஆரம்பித்தார். வெள்ளைக்காரனுக்குத் தாலி கட்டாமல் பிறந்த வம்சம் என்கிறார்கள், அப்படியானால் இவர்கள் என்ன சாதி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களா, நம்மவர்களா என்று தெளிவாகச் சொன்னால் நல்லது, அதுவரைக்கும் நிச்சயதார்த்தத்தை நிறுத்தி வைக்கலாம் என்றார். அவரை அனுப்பிவிட்டுப் பாலகுரு நேராகக் கிளம்பினான். சுலோசனா வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. எங்களப் பத்தி எங்களுக்கே தெரியாதத கண்டுபுடிச்சீங்க. இப்ப அவங்களுக்கு இன்னா பதில் சொல்றதுன்னும் நீங்களே சொல்லிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அதன்பிறகு அவள் வாரத்துக்கு நாலு நாள் புதுச்சேரிக்குப் போனாள். டியூஷன் பிள்ளைகள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ரோசாலியின் கல்யாணப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டால், யாரோ நம் ஊர்க்காரரை முறையாகக் கட்டிக்கொண்டாள் என்று காட்டிவிட்டால், ராமதாஸின் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவள் கணக்கு. 1880 முதல் 1890 வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ரோசாலி வொசேல் எந்தக் கல்யாணத்திலும் இல்லை. சேட்டு ஒருநாள், அந்தப் பெண் புதுச்சேரிக்கே வராமல் இருந்திருந்தால் என்னம்மா செய்வீர்கள் என்று கேட்டார். சுலோசனா அடுத்த புத்தகத்தைக் கேட்டாள்.

ஜனவரி கடைசியில் இரேன் வந்தார். ஒல்லியான, உயரமான பெண்மணி. நடக்க ஒரு கைத்தடி வைத்திருந்தார். காரை விட்டு இறங்கும்போதே கண் கலங்கியிருந்தது. பாலகுரு வீட்டில் பந்தல் போடவில்லையே தவிர எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பூவிழி வஞ்சிரம் வறுத்திருந்தாள். சுவர்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரேன் பூவிழியின் தோளில் ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்தினார். பாலகுருவின் இரண்டு கையையும் பிடித்து, உப்பு அரித்து வெடித்திருந்த விரல்களைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவனுக்குக் கையை எப்போது எடுப்பது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டான். சங்கீதா கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரேன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். எத்தியென் தன் அண்ணன் ஒகுஸ்துக்கு எழுதிய கடிதம் ஒன்று பரணில் கிடைத்ததாம். பல வருஷமாக வீட்டில் இருந்தது, ஆனால் யார் எழுதியது என்று யாரும் கவனிக்கவில்லை, கையெழுத்தை இப்போதுதான் அடையாளம் கண்டேன் என்றார். எல்லோருக்கும் படித்துச் சொல்லும்படி சுலோசனாவிடம் கொடுத்தார். 1871 அக்டோபர். மழையைப் பற்றி எழுதியிருந்தது, அவுரிக்கு விலை இல்லாததைப் பற்றி எழுதியிருந்தது. அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிப் பத்தியில் ஒரு வரி: சின்னவள் தாயோடு காலாப்பட்டில் இருக்கிறாள், காய்ச்சல் விடவில்லை, நான் தினமும் போய் வருகிறேன்.

சுலோசனா அந்த வரியில் நின்றுவிட்டாள். பிறகு, குழந்தை சௌக்கியமாக இருக்கிறதாம் என்று மாற்றிச் சொன்னாள். இந்தத் தொழிலுக்கு வந்து பதினொரு வருஷத்தில் ஒரு தாளில் இருப்பதை அவள் மாற்றிச் சொன்னது அது ஒரு தடவைதான்.

அந்தக் காலத்தில் மரக்காணம் இங்கிலீஷ்காரன் கையில், காலாப்பட்டு பிரெஞ்சுக்காரன் கையில். அங்கே நடந்த சாவு பிரெஞ்சுக் கணக்கில்தான் பதிவாகும். ஆனால் அவள் அதுவரை தேடியது ஐரோப்பியர்களுடைய பதிவேட்டிலும், புதுச்சேரி நகரத்துப் பதிவேட்டிலும் மட்டும். இந்தியர்களுக்குத் தனிப் புத்தகம். காலாப்பட்டு இந்தியர்களுக்கு இன்னொரு சின்னப் புத்தகம். தகப்பன் ஏற்றுக்கொண்ட குழந்தை என்பதால் வெள்ளைக்காரர் புத்தகத்தில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். தாயோடு இருந்த குழந்தையைத் தாயின் புத்தகத்தில் எழுதியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். ஜன்னலோர இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்தபடியே போனாள். ஆபீஸ் திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சேட்டு வந்ததும் எந்தப் புத்தகம் என்று சொன்னாள். அவர் தேடி எடுத்து, தூசியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

1871 நவம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கம் பெரிதாக ஒன்றும் சேதப்படாமல் இருந்தது. ரோசாலி, வயது ஐந்து, மரக்காணத்து அம்மாக்கண்ணுவின் மகள், நேற்று விடிகாலை இறந்தாள். வந்து சொன்னவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் நெசவாளி, ஒருவர் விவசாயி, இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. தகப்பன் பெயர் அதில் இல்லை.

சுலோசனா அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தாள். ஐந்து வயதில் செத்துப்போன குழந்தைக்கு அவள் கல்யாணம் தேடியிருக்கிறாள். பிள்ளை பெற வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை ஒரு பத்திரத்தில் ஏற்றி, ஒரு குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கிறாள். சேட்டு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் நேராக இரேன் தங்கியிருந்த விடுதிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கோர்த்துக்கொண்டே போனாள். அங்கே போனதும் ஒன்றும் நினைவில் இல்லை. பிரதியை மேஜைமேல் வைத்து, நான் தப்புச் செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். இரேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியானால் நேற்று நான் பிடித்துக்கொண்டிருந்தது யாருடைய கை?" என்றார்.

சுலோசனா, நேற்று கடிதத்தில் இருந்ததை மாற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொண்டாள். இரேன் தலையை ஆட்டினார். அவர்களுக்கு எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். தனியாகப் போகவேண்டாம், நானும் வருகிறேன் என்று எழுந்து கைத்தடியைத் தேடினார்.

பாலகுரு அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். சுலோசனா எதையும் மறைக்காமல் சொன்னாள். ரோசாலி ஐந்து வயதில் இறந்துவிட்டாள், உங்கள் ரோசம்மாள் வேறு யாரோ, துரைவீடு என்று ஏன் பெயர் வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னது என் தப்பு. பாலகுரு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அந்தக் கொழந்தைக்கு வேற ஆருமே இல்லியா?" என்று கேட்டான்.

பூவிழிதான் வெடித்தாள். "ஊரு முழுக்க சிரிச்சாங்க, அதையும் தாங்கிக்கினோம். சம்பந்தம் நின்னுபோச்சி. இப்ப வந்து இல்லேன்னு சொல்றீங்க. எழுதிப் பாக்க எங்க தலதான் பேப்பரா கெடச்சிதாக்கா?" உள்ளே போய்ச் சால்வையை எடுத்து வந்து இரேனிடம் நீட்டினாள். இரேன் அதை வாங்கவில்லை. பேச்சுப் புரியாவிட்டாலும் நீட்டிய கை எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. சால்வையை மடித்துப் பூவிழியின் கையிலேயே திரும்ப வைத்தார். சுலோசனா எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த நாள் சுலோசனா மோகனைக் கூட்டிக்கொண்டு வானூருக்குப் போனாள். ராமதாஸ் வீட்டில், நடந்தது தன் தவறுதான் என்று சொல்லி, இறப்புப் பதிவின் பிரதியையும் அதன் தமிழையும் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். நல்லதாகப் போயிற்று, இனிமேல் பேச யாருக்கும் வாயில்லை, நாளையே பேசி முடித்துவிடலாம் என்றார். மணிகண்டன் அப்பாவுக்குப் பின்னால் நின்று போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது சுலோசனாவுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. ஒரு காரியத்தையாவது சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

சங்கீதா அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து நேராக அவள் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வானூருக்குப் போயிருந்தீங்களாமே."

"ஆமாம்மா. அவங்களுக்குச் சந்தோஷம். நாளைக்கே பேசி முடிக்கலாம்னாங்க."

"நான் வேணாம்னு போன் பண்ணிட்டேன் டீச்சர்." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தச் சின்னப் பொண்ணு செத்துப்போன பேப்பரக் காட்டித்தான் எனக்குக் கல்யாணம் ஆவணுமா? அது உசுரோட இருந்து எங்க தாத்தாவோட ஆயாவா ஆயிருந்தா நான் மட்டம். அது செத்துட்டா நான் ஒசத்தி. அந்த வூட்ல போயி நான் எப்படி இருப்பேன்?"

சுலோசனா மேல் சங்கீதா கோபமாக இருந்தாளா என்பது அப்போது தெரியவில்லை. போகும்போது, நீங்கள் போய்ச் சொன்னதும் ஒரு விதத்தில் நல்லதுதான், அவர்கள் யார் என்று தெரிந்துபோயிற்று என்றாள்.

இரேன் இன்னும் ஐந்து நாள் இருந்தார். கிளம்புவதற்கு முன்தினம், தனியாகக் காரில் வந்து பாலகுருவை உப்பளத்திலேயே பார்த்தார். சுலோசனா மொழிபெயர்க்க வரவேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பாலகுரு பலகையால் உப்பை எப்படி இழுத்துச் சேர்ப்பது என்று காட்டினானாம். அவர் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தாராம். பெரிய குவியலிலிருந்து ஒரு பிடியைத் தாளில் மடித்துக் கொடுத்தானாம். சொந்தம் இல்லை என்று ஆனபின் அந்த இரண்டு பேரும் முதல் நாளைவிடச் சுலபமாக இருந்தார்கள் என்று அங்கே வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். வருஷப் பிறப்புக்கு இரேன் இன்னும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். பாலகுரு பதிலுக்குப் பொங்கல் கோலத்தை அனுப்புகிறான்.

எத்தியென் எங்கே போனார் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. குழந்தை இறந்த நாலாவது மாதம் சைகோனுக்குப் போன கப்பலின் பயணிகள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இறங்கியவர்கள் பட்டியலில் இல்லை. கடலில் செத்தார் என்று வீட்டில் சொன்னது பொய்யில்லை போலும்.

சுலோசனா நாலு மாதம் எந்த வேலையும் எடுக்கவில்லை. வந்த மெயில்களுக்கு உடம்பு சரியில்லை என்று பதில் போட்டாள். வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்துத் துடைத்தாள், சேர்க்கத் தெரியாமல் ஆள் கூப்பிட்டாள். பூவிழி எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போனாள். ஒருநாள் மோகன், அடுப்படியில் அவள் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்தாள், அழுதாள். அவன் சோற்றில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தான்.

திரும்ப வேலையைத் தொடங்கியபோது ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரை, மூன்று தாள் கையில் இல்லாமல் வாயால் சொல்வதில்லை. வாடிக்கையாளர்கள் அவசரப்படுத்துவார்கள். அவளுடைய மனசும் அவசரப்படுத்தும். அந்தச் சமயத்தில் எழுந்து நடந்துவிட்டு வருவாள்.

பூவிழி ஒன்றரை வருஷம் பேசவில்லை. போன ஆடியில் ஆதார் பிரதி எடுக்க வந்தாள். வேறு கடை மூடியிருந்தது என்றாள். சுலோசனா பிரதி எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமும் வந்தாள், அப்போது கடை திறந்துதான் இருந்தது.

இரேன் கேட்டுக்கொண்டபடி வொசேல் குடும்பப் படத்தில் ரோசாலிக்கு ஒரு கட்டம் போட்டாயிற்று: 1866 – 1871. பக்கத்தில் அம்மாக்கண்ணு. அந்தக் கட்டத்தில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எங்கே பிறந்தாள், பிள்ளை செத்து, எத்தியெனும் கப்பலேறிப் போனபிறகு எங்கே போனாள், யார் சோறு போட்டார்கள், எப்போது செத்தாள் என்று ஒன்றும் தெரியாது. காலாப்பட்டுப் புத்தகத்திலும் புதுச்சேரிப் புத்தகத்திலும் 1871-க்குப் பிந்திய இருபது வருஷத்தில் முப்பத்தேழு அம்மாக்கண்ணுகள் இருக்கிறார்கள். அவளாக இருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் அதில் ஆறு பேர். மரக்காணத்தில் இங்கிலீஷ்காரன் வைத்திருந்த கணக்கில் உப்பு எத்தனை மூட்டை என்று இருக்கிறது, அதை வாரிய பெண்களின் பெயர் இல்லை.

போன மாதம் சங்கீதாவே போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற உள்ளூர்ப் பெண் ஒருத்தி, காலாப்பட்டில் பழைய இடுகாடு எங்கே இருந்தது என்று தன் மாமனாருக்குத் தெரியும் என்றாளாம். பார்க்க வருகிறீர்களா என்று கேட்டாள். சுலோசனா அரை மணி நேரத்தில் அங்கே இருந்தாள். அந்த மாமனார் காட்டிய இடத்தில் பாதியைக் கடல் கொண்டுபோயிருந்தது. அலை மேலே வராமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள் கிடந்தன. மீதிப் பாதியில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கல்லோ, மேடோ எதுவும் இல்லை. இதற்கு முன்பே வேறு ஒரு இடுகாடு மேற்கே இருந்ததாகவும் சொல்வார்கள், சரியாகத் தெரியவில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கீதாவுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். நீ போம்மா, நான் அந்த மேற்குப் பக்கத்தையும் ஒரு தடவை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சுலோசனா புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.